அச்சுக் கண்ணாடியும் முலாம் தாங்கியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடுத்தரக் குடும்பங்களின் உணவு மேசையில் வெள்ளி முலாம் பூசிய உலோகத் தாங்கியும் அதில் பொருத்திய கண்ணாடிக் கிண்ணமும் பழம், ஜாம், சர்க்கரை முதலியவற்றைப் பரிமாறப் பெரிதும் பயன்பட்டன. இவற்றைச் சேகரிப்போர் கண்ணாடியின் நிறத்தையும் வேலைப்பாட்டையும் கொண்டே மதிப்பிட்டு, தாங்கியைக் கழற்றி மாற்றத்தக்க துணைப்பொருளாக எண்ணுவதே பெருவழக்காக இருந்துவருகிறது. எனினும், ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரண்டு தொழில்கள் ஒரே பொருளில் கூடியிருப்பதே இக்கிண்ணங்களின் சிறப்பு என்பதால், தாங்கியை விலக்கிக் கண்ணாடியை மட்டும் போற்றுவது பாதி வரலாற்றைக் கைவிடுவதாகும்.

உருகிய கண்ணாடியை அச்சில் இட்டு, நெம்புகோலால் இயங்கும் உலோகத் தண்டு ஒன்றை மேலிருந்து இறக்கி அழுத்தும் முறை 1820களில் அமெரிக்காவில் தொழிலாக உருப்பெற்றது. பிட்ஸ்பர்க் நகரின் பேக்வெல் தொழிற்சாலை மேசை, அலமாரிகளுக்கான கண்ணாடிக் குமிழ்களை இம்முறையில் செய்ய 1825இல் காப்புரிமை பெற்றது. அதே ஆண்டில் டெமிங் ஜார்வ்ஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாண்ட்விச் என்னும் சிற்றூரில் தொடங்கிய கண்ணாடி ஆலை, குமிழோடு நில்லாமல் தட்டு, கிண்ணம் என்று விரிந்தது. அதுவரை ஒரு கிண்ணத்தை உருவாக்க ஊதுகுழலில் பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கைவினைஞர் தேவைப்பட்டார். அதன்மேல் பூவும் கட்டமும் வேண்டுமாயின், சுழலும் சக்கரத்தில் வைத்துப் பட்டை தீட்டும் மற்றொரு கைவினைஞரும் தேவைப்பட்டார். புதிய முறையிலோ வேலைப்பாடு முழுவதும் அச்சிலேயே வெட்டப்பட்டிருந்தமையால், அச்சு செய்பவர் ஒருமுறை காட்டிய திறமை ஆயிரக்கணக்கான கிண்ணங்களில் பதிந்தது. தங்கள் பிழைப்பு பறிபோகும் என்று அஞ்சிய ஊதுகுழல் தொழிலாளர்கள் ஜார்வ்ஸின் உயிருக்கே அச்சுறுத்தல் விடுத்ததாகப் பதிவு உள்ளது; அவர்களுடைய அச்சம் பொருளற்றது என்று சொல்லிவிட முடியாது.

ஆயினும் அழுத்தும் வேலையும் எளிதன்று. ஒருவர் உலையிலிருந்து இரும்புக் கோலின் நுனியில் கண்ணாடிக் குழம்பைச் சுருட்டி எடுத்து அச்சின் மேல் பிடிக்க, மற்றொருவர் விழ வேண்டிய அளவைக் கண்ணாலேயே கணித்துக் கத்தரியால் வெட்டுவார். அளவு கூடினால் கிண்ணம் தடித்துவிடும். குறைந்தால் விளிம்பு நிறையாது. அச்சு போதிய சூடு ஏறாதிருந்தால் கண்ணாடியின் மேற்பரப்பில் சுருக்கம் விழும். சூடு மிகுந்தால் கண்ணாடி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். தொடக்கக் காலத்துச் சாண்ட்விச் கிண்ணங்களில் பின்புலம் முழுவதும் நுண்புள்ளிகளால் நிரப்பப்பட்டு, சரிகை வேலை போலத் தோன்றுவதற்கு இச்சுருக்கங்களையும் கத்தரி பட்ட தழும்புகளையும் மறைக்கும் தேவையே முக்கியக் காரணம். குறையை மறைக்க எழுந்த உத்தி, பட்டை தீட்டும் சக்கரத்தால் எட்டவே முடியாத ஓர் அழகைக் கண்டடைந்தது. அச்சுக் கண்ணாடியைப் பட்டை தீட்டிய கண்ணாடியின் மலிவுப் போலி என்று ஒதுக்குவோருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

விலை மேலும் இறங்கியதற்கு வேதியியலும் அரசின் வரிக்கொள்கையும் காரணமாயின. 1864இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வில்லியம் லேட்டன் என்பவர், ஈயம் கலவாமல் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிவான கண்ணாடியை உருக்கும் கலவையைச் செம்மைப்படுத்தினார். அது ஈயக் கண்ணாடியைவிட மலிவானது, எடை குறைந்தது, விரைவில் இறுகுவது. பிரிட்டனில் கண்ணாடித் தொழிலை நூறாண்டுக் காலம் அழுத்திய வரி 1845இல் நீக்கப்பட்டது. அதன்பின் டைன் ஆற்றங்கரையிலுள்ள கேட்ஸ்ஹெட் நகரில் சோவர்பி, டேவிட்சன் ஆகிய நிறுவனங்களும், அருகிலுள்ள சண்டர்லாந்தில் கிரீனர் நிறுவனமும் அச்சுக் கண்ணாடியைப் பெருமளவில் வார்த்தன. 1889இல் டேவிட்சன் காப்புரிமை பெற்ற பேர்லைன் என்னும் வகையில், நீலமோ இளமஞ்சளோ ஆன கிண்ணத்தின் விளிம்பை மீண்டும் சூடேற்ற, அப்பகுதி மட்டும் பால்வெண்மை பெற்றது. மலிவுப் பொருளுக்காக இத்தனை நுட்பம் செலவிடப்பட்டது வியப்புக்குரியது.

தாங்கியின் வரலாறு பர்மிங்காமில் தொடங்குகிறது. வெள்ளித் தகட்டையும் செம்பையும் சூட்டால் ஒட்டவைக்கும் ஷெஃபீல்டு முறை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தபோதிலும், அதற்கு வெள்ளி மிகுதியாகத் தேவைப்பட்டது. எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறையில், உருவாக்கி முடித்த பொருளை வெள்ளி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்த, மெல்லிய வெள்ளிப் படலம் அதன்மேல் சீராகப் படிந்தது. அடியிலுள்ள உலோகம் இருவகைப்பட்டது: செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்ததும் தமிழ் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று பெயர் பெற்றதுமான கலவை ஒன்று, வெள்ளீயத்தோடு ஆன்டிமணியும் சிறிது செம்பும் சேர்ந்த பிரிட்டானியா உலோகம் மற்றொன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரில் 1852இல் எழுந்த மெரிடன் பிரிட்டானியா நிறுவனம் பின்னதன் பெயரையே தன் பெயரில் தாங்கியது.

முலாம் பட்டறைகள் பெரும்பாலும் கண்ணாடி வார்ப்பதில்லை. கண்ணாடி ஆலைகளும் முலாம் பூசுவதில்லை. ஆலையில் வாங்கிய கிண்ணத்துக்கு ஏற்றவாறு வளையமும் காலும் கைப்பிடியும் அமைத்துப் பட்டறையார் விற்றனர். அமெரிக்காவில் 1880களிலும் 1890களிலும் திருமணப் பரிசாக வழங்கப்பட்டதால் மணமகள் கூடை என்று இன்று வழங்கும் பொருள்களில் ஊதிச் செய்த கிண்ணங்களே மிகுதியெனினும், அச்சில் அழுத்தியவையும் அவற்றோடு கலந்துள்ளன. இரண்டையும் விரலே பிரித்தறியும்: அச்சுக்குள் ஊதிய கண்ணாடியில் வெளிப்புற மேடுபள்ளம் உட்புறத்திலும் தொடரும், தண்டு அழுத்திய கிண்ணத்தின் உட்புறமோ பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும்.

காலத்தைக் கணிக்கப் பிரிட்டிஷ் பொருள்கள் பெரிதும் துணைசெய்கின்றன. 1842 முதல் 1883 வரை பதிவு பெற்ற வடிவங்களில் சாய்சதுர முத்திரை ஒன்று பொறிக்கப்பட்டது. அதன் மூலைகளிலுள்ள எழுத்துகளும் எண்களும் பதிவான நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும். 1884 முதல் தொடர் எண் முறை வந்தது. சோவர்பி 1876இல் பதிவுசெய்த மயில்தலைச் சின்னமும் கிண்ணத்தின் அடியிலோ உட்புறத்திலோ தென்படலாம். ஆனால் முத்திரை காட்டுவது வடிவம் பதிவான நாளையேயன்றிக் கிண்ணம் வார்த்த நாளை அன்று. ஓர் அச்சு பல ஆண்டுகள் உழைத்தது. அமெரிக்காவில் பழைய வடிவங்களைப் பின்பற்றிப் புதிய அச்சுகள் செய்து, இருபதாம் நூற்றாண்டிலும் கிண்ணங்கள் வார்த்தனர். ரூத் வெப் லீ 1931இல் வெளியிட்ட அமெரிக்க அச்சுக் கண்ணாடி பற்றிய நூல் சேகரிப்போரின் ஆர்வத்தைப் பெருக்கியது. அந்த ஆர்வமே போலிகளுக்கும் சந்தையை உண்டாக்கியது.

இங்கேதான் தாங்கியின் சான்று இன்றியமையாததாகிறது. கிண்ணம் வளையத்தில் ஆடாமல் பொருந்துகிறதா, உலோகம் உரசிய தேய்மானம் கண்ணாடியில் அதே உயரத்தில் வட்டமாக அமைந்துள்ளதா, பட்டறையின் முத்திரை கண்ணாடியின் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர், பிற்காலத்தில் இணைக்கப்பட்ட சோடியை எளிதில் கண்டுகொள்வார். 1930களில் முலாம் வெள்ளியின் இடத்தைக் குரோமியம் பிடித்து, நியூயார்க்கின் ஃபார்பர் பிரதர்ஸ் நிறுவனம் கண்ணாடியைக் கழற்றி மாட்டும் தாங்கிகளை விற்றதால், அக்காலப் பொருள்களில் இச்சோதனை அவ்வளவாகப் பயன்படாது. அதற்கு முந்தியவற்றில், வெள்ளி தேய்ந்து அடி உலோகம் தெரியும் தாங்கிக்கு மறுமுலாம் பூசுவது பெருந்தவறாகும். தேய்மானத்தோடு பட்டறை முத்திரையின் கூர்மையும் மெருகேற்றும்போது அழிந்துவிடுவதால், கிண்ணமும் தாங்கியும் தொடக்கம் முதலே ஒன்றாக இருந்தன என்று நிறுவுவதற்குப் பிறகு வழியிராது.