மணிக்கூடு சொல்லும் இதயத்துடிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவர்களின் கைகளில் ஸ்மார்ட் கைக்கடிகாரங்கள் இப்போது நிறையவே தெரிகின்றன. பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளோ சகோதரங்களோ கட்டிவிட்டுப் போனவை. என் அத்தானுக்கும் கனடாவிலிருந்து வந்த மகன் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான்.

அத்தானுக்கு வயது 62. பல வருடங்களாகக் கிளினிக் போய் வருகிறவர். வழமையாக என்னோடு கதைத்துக்கொண்டு நடப்பவர், ஒருநாள் ஓட்டமும் நடையுமாக முன்னால் போய்விட்டார். நான் எட்டிப் பிடித்தபோது தலை சுற்றி, முகம் வெளிறி, வீதியோரக் கட்டில் இருந்தார்.

“என்ன அத்தான் செய்யுது?”

“ஒண்டுமில்லைத் தம்பி. இது நூறைத் தாண்டினால்தான் உடற்பயிற்சிக் கணக்கில சேர்க்குதாம். எனக்கு 92க்கு மேல ஏறுதே இல்லை.”

அவருடைய மருந்துப் பையில் பைசோப்ரோலோல் குளிசை இருந்தது. பீட்டா புளொக்கர் வகையைச் சேர்ந்த இந்த மருந்துகளின் வேலையே இதயத்துடிப்பு ஏறாமல் அடக்கிவைப்பதுதான். அடனலோல், மெட்டோப்ரோலோல் என்பனவும் இதே வகை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு, மருந்து இல்லாதபோது இருக்கக்கூடியதைவிட 20, 30 குறைவாகவே நிற்கலாம். மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதை அறியாத கடிகாரம் அத்தானைச் சோம்பேறி என்று எண்ணி விரட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கிளினிக்கில் வைத்தியரும் இதையே சொன்னார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இந்தக் கருவிகளைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மினுங்குவது பச்சை ஒளி. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியிலுள்ள நுண் குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடும், பிறகு குறையும். அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைக் கணிக்கிறது. நெஞ்சில் கட்டும் பட்டி அப்படியல்ல. அது ஈசிஜி எடுப்பதைப்போல இதயத்தின் மின்சமிக்ஞையையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத முதலாவது இதயத்துடிப்பு மானியை விற்பனைக்கு விட்டபோது பயன்படுத்தியதும் இந்த முறைதான். பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காகத் தொடங்கிய யோசனை அது. இன்றும் துல்லியம் வேண்டும் விளையாட்டு வீரர்கள் நெஞ்சுப் பட்டியைக் கைவிடவில்லை. கட்டுமுன் அதன் மின்முனைகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டி முதல் சில நிமிடங்களுக்குக் கண்டபடி எண் காட்டும்.

மணிக்கட்டில் அளப்பதற்குப் பெரிய எதிரி அசைவு. அமைதியாக இருக்கும்போது நல்ல கடிகாரங்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. ஓடத் தொடங்கினால் கை வீச்சும் காலடித் தாளமும் ஒளிச் சமிக்ஞையோடு கலந்துவிடுகின்றன. நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடும் ஒருவருக்கு, துடிப்பு 130ஆக இருக்கும்போதும் கடிகாரம் 160 என்று காட்டிவிடலாம். அது எண்ணியது காலடியை! சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போதும், பாரம் தூக்கும்போதும், மண்வெட்டியால் தோட்டம் கொத்தும்போதும் மணிக்கட்டு மடிந்து இரத்தவோட்டம் மாறுவதால் எண் தடுமாறும். வேகத்தைத் திடீரெனக் கூட்டிக் குறைத்தால் அது பல செக்கன்கள் பிந்தியே தெரியும்.

எங்களுடைய தோல் நிறத்துக்கு இது சரிவருமா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சுவது உண்மை. ஆனால் 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வெவ்வேறு தோல் நிறத்தவர்களிடம் பல கருவிகளைச் சோதித்தபோது நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. உடல் அசைவின்போதோ பிழை, ஓய்வில் இருந்ததைவிடச் சராசரியாக 30 வீதம் கூடியிருந்தது. பச்சை குத்திய இடத்தின்மேல் கட்டினால் மட்டும் நிச்சயம் சிக்கல்.

கட்டும் விதத்திலேயே பாதிப் பிழை போய்விடும். மணிக்கட்டு எலும்பின்மேல் அல்ல, அதிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளிக் கட்ட வேண்டும். வளையலைப்போல ஆடக்கூடாது, தழும்பு பதியும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. வியர்வையும் எண்ணெயும் படிந்த அடிப்பக்கத்தை அடிக்கடி துடைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் நின்று, கழுத்திலோ மறுகையிலோ நாடியைத் தொட்டு 15 செக்கன்கள் எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

எரித்த கலோரி என்று காட்டும் எண்ணை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2017இல் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 வீதத்துக்குட்பட்ட பிழையோடு சொல்லின. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது, மிக மோசமானது 93 வீதம். அந்தக் கணக்கை நம்பி இரண்டு ரோல்ஸ் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அத்தானை விரட்டிய எண் எங்கிருந்து வந்தது? 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்ற சூத்திரத்திலிருந்து. 62 வயதுக்கு 158. அதில் 64 முதல் 76 வீதம் வரை மிதமான பயிற்சி என்று எடுத்தால் 101 முதல் 120 வரை. 1970களின் தொடக்கத்தில் சில ஆய்வுத் தரவுகளைப் பார்த்து மட்டாகப் போடப்பட்ட கோடு இது. 2001இல் டனாகாவும் சகாக்களும் பெருந்தொகையான தரவுகளிலிருந்து, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரத்தைத் தந்தார்கள். அதிலும் ஒரே வயதுடைய இருவருக்கிடையில் 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். இதில் எந்தச் சூத்திரமும் பீட்டா புளொக்கர் போடுகிறவர்களுக்கானதல்ல. அவர்களுக்கான எல்லையை வைத்தியர்தான், தேவைப்பட்டால் ஈசிஜியோடு நடக்கவிட்டுப் பார்க்கும் பரிசோதனையின் பிறகு, சொல்ல வேண்டும்.

வைத்தியர் அத்தானுக்குச் சொன்ன அளவுகோல் மிக எளியது. நடக்கும்போது கதைக்க ஏல வேண்டும், பாட ஏலாமல் இருக்க வேண்டும். அதுவே மிதமான பயிற்சி. கதைக்கவே மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. மருந்து, வெயில், வயது எல்லாவற்றையும் உடல் தானாகவே கணக்கில் எடுத்துவிடுவதால் இந்த முறை பிழைப்பது குறைவு. எங்கள் ஏப்ரல் வெக்கையில் அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதுதான் காரணம். அந்த நாட்களில் எண்ணைப் பார்த்துத் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை, தண்ணீர் குடித்து மெதுவாக நடக்கலாம்.

பத்தாயிரம் அடி இலக்கும் இப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் அது. 2019இல் வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு வீதம் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

இவ்வளவு சொன்னதால் கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஓய்வுநிலைத் துடிப்பை நாள்தோறும் பதிவதற்கு இதைவிட வசதியான கருவி வீட்டில் இல்லை. வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை வழமையானது. தொடர்ந்து பயிற்சி செய்தால் மாதக்கணக்கில் அது மெல்ல இறங்கும். காரணமின்றிச் சில நாட்கள் ஏறியே நின்றால் காய்ச்சல், நித்திரைக் குறைவு என்று ஏதோ ஒன்று இருக்கலாம். ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிப்பதிலும் பயன் உண்டு. அப்பிள் கடிகாரத்தை வைத்து 4 இலட்சத்து 19 ஆயிரம் பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 0.52 வீதத்தினருக்கே எச்சரிக்கை வந்தது. அவர்களில் பின்னர் ஈசிஜி ஒட்டுப்பட்டி அணிந்து பதிவைத் திருப்பி அனுப்பியவர்களில் 34 வீதத்தினருக்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் இருந்தது. அப்படி எச்சரிக்கை வந்தால் பயந்து ஒடுங்காமலும், அலட்சியம் செய்யாமலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மலிவுக் கடிகாரங்கள் வேறு கதை. நண்பர் ஒருவர் வாங்கியதைக் கத்தரிக்காய் ஒன்றில் கட்டிப் பார்த்தோம். 78 காட்டியது. அதே கடிகாரம் இரத்தத்தில் சீனியையும் அளக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஊசி குத்தாமல் சீனி அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் தாம் அங்கீகாரம் கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கே ஆபத்து.

எந்த விலைக் கடிகாரமும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. ஈசிஜி எடுக்கும் கடிகாரமும் ஒரே கோணத்தில்தான் இதயத்தைப் பார்க்கிறது, வைத்தியசாலையில் எடுப்பது 12 கோணங்களில். நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மூச்சு முட்டினால், திரையில் 75 என்று அழகாகத் தெரிந்தாலும் 1990 சுவசெரியவை அழையுங்கள்.

அத்தான் இப்போதும் அதே மணிக்கூட்டோடுதான் நடக்கிறார். பயிற்சி எச்சரிக்கைகளை மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் நிறுத்திக் கொடுத்தேன். காலையில் எழும்பியதும் ஓய்வுநிலைத் துடிப்பைப் பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைக்கிறார். போன கிளினிக்கில் அந்தக் கொப்பியைத்தான் வைத்தியர் வாங்கிப் பார்த்தாராம்.