சமசமாசக் கட்சியும் சம அந்தஸ்தும்

1935ஆம் ஆண்டிலே தோன்றிய லங்கா சமசமாசக் கட்சி, நெடுங்காலம் பதவியை நாடாது கொள்கையையே நாடிற்று. மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அது எதிர்த்தது. 1955இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்துக் கோரி அது கொழும்பு நகர மண்டபத்திற் கூட்டிய கூட்டம் தாக்குதலுக்குள்ளாயிற்று. ஆயினும் அடுத்த ஆண்டு தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தனர். ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று அன்று எச்சரித்தவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா.

அக்கொள்கையைத் தளர்த்தியது வாக்குக் கணக்கே எனலாம். 1960 மார்ச்சுத் தேர்தலில் 101 வேட்பாளரை நிறுத்தியும் 10 இடங்களே கிடைத்தன. 1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் மந்திரிசபையிற் புகுந்தனர். 1966 சனவரியிலே தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்திற் சமசமாசிகளும் நின்றனர்!

இதனை வெறும் பதவி மோகம் என்பது நேர்மையன்று. சிங்கள ஏழை மக்கள் தம்மை விட்டகலுகின்றனர் என்ற அச்சமும் மெய்யானதே. ஆனால், அவ்வச்சத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது பிறரது உரிமையன்றோ?

1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் அதே கொல்வின்தான். சிங்களமே அரசகரும மொழியென அதிற் பொறிக்கப்பட்டது; சிறுபான்மையோர் காப்பெனக் கருதிய பழைய 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. 1975இல் அரசிலிருந்து அகற்றப்பட்ட அக்கட்சிக்கு, 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் இடமேனும் கிடைக்கவில்லை.