நாண் என்னும் சொல்லும் பெரிய திருமடலும்

பெண்பாலார்க்கு உரியனவாகத் தொல்காப்பியம் ஓதுவன அச்சம், நாண், மடம் என்னும் மூன்று. இவற்றுள் நாண் என்பதற்கு வெட்கம் என்று பொருளுரைத்து அமைவது இக்கால வழக்கு. பழி வாராமல் தன்னைத் தானே காக்கும் உள்ளக் காவலே அச்சொல்லின் பழம்பொருள். உயிரினும் நாண் சிறந்தது, நாணினும் கற்புச் சிறந்தது என அந்நூல் படிமுறை வகுத்தமையே இதற்குச் சான்று. பனைமடற் குதிரையூர்ந்து காதலை ஊரறியச் செய்யும் மடலேற்றத்தை மகளிர்க்கு அது விலக்கியதும் நாண் கருதியே. திருக்குறளுக்கும் அதுவே கருத்து.

திருமங்கையாழ்வாரோ, பரகால நாயகியாய் நின்று, பெரிய திருமடலில் அத்தென்னெறியை மறுத்து வடநெறியை மேற்கொள்கிறார். சீதை, உலூபி, உஷை முதலியோரை எடுத்துக்காட்டுகிறார். பொன்னமராவதிக்கு அண்மையவான திருக்கோட்டியூர், திருமெய்யம் ஆகிய திவ்யதேசத்து எம்பெருமான்கள் அங்கே அடுத்தடுத்துப் பேசப்படுகின்றனர்.

இத்துணிபு நாணைப் பழித்ததாகுமோ எனின், ஆகாது. எம்பெருமானுக்கன்றிப் பிறர்க்கு உரியளாகாமை, அதாவது அநந்யார்ஹத்வமே, இந்நாயகியின் கற்பு. அதன்பொருட்டு நாணைத் துறத்தல் தொல்காப்பியப் படிமுறைக்கும் இயைந்ததே என்பது அடியேன் துணிபு. நாண் வெறும் வெட்கமாயின் அதனைத் துறத்தல் எளிது, மடலுக்கும் ஏற்றமில்லை. உயிரினும் அரியதைத் துறந்தாள் என்று கொண்டாலன்றி ஆழ்வாருடைய ஆற்றாமையின் ஆழம் நமக்குப் புலப்படாது.