தெளிப்புக் கான்கிரீட் நீச்சல் குளம்

சிமென்ட் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி, கட்டிய கம்பிகளின் மேல் இறுகப் படியவைத்துக் குளத்தின் தரையையும் சுவரையும் ஒரே ஓடாக உருவாக்கும் முறை. ஆனால் இது குளத்துக்காகப் பிறந்ததல்ல. விலங்குகளைப் பாடம் செய்வதில் பெயர்பெற்ற அமெரிக்கர் கார்ல் ஏக்லி 1907 வாக்கில் இதன் மூலக்கருவியை உருவாக்கினார். அவர் பணியாற்றிய சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகம் 1893 உலகக் கண்காட்சிக்கென எழுப்பிய கட்டடத்தில் இயங்கியது. உதிர்ந்துகொண்டிருந்த அதன் வெளிப்பூச்சைச் சரிசெய்யவே கருவி தேவைப்பட்டது. பொம்மை யானை செய்யக் கண்டுபிடித்தார் என்பது சுவையான கதை, அவ்வளவே.

1911இல் காப்புரிமை கிடைத்தது. பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் இயங்கிய நிறுவனம் ‘கனைட்’ என்ற வணிகப்பெயரில் இதைப் பரப்பியது. சுரங்கங்களும் பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பும்தான் முதல் களங்கள். ‘ஷாட்கிரீட்’ என்ற பொதுப்பெயரை 1930களில் அமெரிக்க ரயில்வே பொறியாளர்கள் வழக்குக்குக் கொண்டுவந்தனர்.

குளத்தில் இதன் அருமை வேறு. வார்ப்புக் கான்கிரீட்டில் சுவரின் இருபுறமும் சென்ட்ரிங் பலகை அடிக்க வேண்டும். வளைவு என்றால் செலவு ஏறும், அதனால் குளங்கள் பெரும்பாலும் செவ்வகமாகவே நின்றன. தெளிப்பு முறையில் தோண்டிய மண்ணே வெளி அச்சாகிறது. உள்ளே பலகையே வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவின் வீட்டுத் தோட்டங்களில் சிறுநீரக வடிவக் குளங்கள் பெருகியதற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமல்ல, இந்தச் சிக்கனமும் காரணம். 1970களின் வறட்சியில் காலியாகக் கிடந்த அந்த வளைவுச் சுவர்களில் இளைஞர்கள் ஸ்கேட்போர்டு ஏறி விளையாடியது தனி வரலாறு.

தெளிப்பதில் உலர், ஈரம் என இரு முறைகள் உண்டு. உலர் முறையில் சிமென்டும் மணலும் ஹோஸ் வழியே காற்றில் வரும். தண்ணீர் முனையில்தான் சேரும். அளவு, முனை பிடிப்பவரின் கையில். 1950களில் வந்த ஈர முறையில் கலவை முன்பே தண்ணீரோடு தயாராகிப் பம்பு வழியே வரும், முனையில் காற்று மட்டும் சேரும். தூசியும் தெறிப்பும் குறைவு. எது மேல் என்று ஒப்பந்ததாரர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். இரண்டுமே நல்ல கையில் நல்ல குளம் தரும் என்பதே உண்மை.

கெட்டுப்போவது பெரும்பாலும் தெறிப்பினால். சுவரில் பட்டுத் தெறித்து விழும் மணலில் சிமென்ட் குறைவு. அதை அள்ளி மூலையில் திணித்தால் அந்த இடம் பொள்ளலாகி நீர் கசியும். கம்பிக்குப் பின்னால் கலவை நிறையாமல் விட்டாலும் அதே கதி. தெளித்தபின் பல நாள் ஈரம் காயாமல் நீர் விட்டு ஆற்ற வேண்டும். கரடுமுரடான ஓட்டின்மேல் சிமென்ட் பூச்சுப் பூசியோ டைல்கள் பதித்தோ முடித்தபிறகே குளத்தில் நீர் நிரப்புவர்.