மீ கோரெங் ஏன் இவ்வளவு மலிவு?

சிங்கப்பூர் தேக்கா சென்டர்ல சுடச்சுட ஒரு தட்டு மீ கோரெங். நூடுல்ஸ் சீனர்களோடது, பேரு மலாய், வாணலியைப் பிடிக்கிறது தமிழ் முஸ்லிம் பாய். நம்ம ஊர்ல இது கிடையாது!

விலை எப்படிக் கட்டுப்படியாகுது? 1968-69ல் அரசு தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை, தண்ணீர், கழிவுநீர் வசதியோட உணவங்காடி நிலையங்கள் கட்டி அவங்களை உள்ளே கொண்டுவந்தாங்க. சலுகை வாடகையும் கொடுத்தாங்க. இப்போ புதுசா வர்றவங்க ஏலத்துல கடை எடுக்கணும். 2020ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாச்சு. நாம மட்டும் ஐம்பது காசு ஏத்தினாலே முணுமுணுக்கிறோம்.

"பையன் கடையைப் பார்த்துப்பானா பாய்?"னு கேட்டேன்.

சிரிச்சாரு. "அவனும் உங்களை மாதிரி கம்ப்யூட்டர்தான், தம்பி."