கொள்ளைநோயும் கலைச்சொல்லும்: யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன்

முன்னுரை

தமிழ் மக்கள் வாந்திபேதி என வழங்கிய காலரா, 1817இல் வங்காளத்தில் கொள்ளைநோயாகப் பெருகி, பின்னர்த் தென்னிந்தியாவையும் இலங்கையையும் பலமுறை தாக்கியது. அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884), தமிழ்வழி மருத்துவக் கல்வியின் முன்னோடியாகவே பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய மொழிப்பணியைக் கொள்ளைநோய்ச் சூழலோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானிப்பாயில் கிறீன்

மாசசூசெட்சு மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்த கிறீன், அமெரிக்க மிசன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1857இல் தாயகம் சென்று, 1862இல் திரும்பி, 1873 வரை பணியாற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார்.

மருந்தின் எல்லை

அக்கால ஐரோப்பிய மருத்துவத்திடம் காலராவுக்கு உறுதியான மருந்து இல்லை. பாதரச உப்பான கலோமலும் அபினும் பரவலாக வழங்கப்பட்டன. 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புநீரை நாளத்தில் செலுத்திய முறை வழக்கில் நிலைபெறவில்லை. 1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ குடிநீரைக் காரணமாகக் காட்டியபோதும், கெட்ட காற்றே காரணம் என்ற கருத்து நீடித்தது. இராபர்ட் கோக் கல்கத்தாவில் நோய்க்கிருமியை உறுதிசெய்தது 1884இன் தொடக்கத்தில். கிறீன் மறைந்தது அவ்வாண்டு மே மாதத்தில். அவருடைய யாழ்ப்பாணப் பணிக்காலம் முழுவதும் அவ்வறிவுக்கு முற்பட்டது.

உற்பாலனம்

சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோயில், தொலைவிலுள்ள ஒரு மருத்துவரால் ஊர்கள் அனைத்தையும் காக்க இயலாது. சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்றுநீரை நம்பிய யாழ்ப்பாணத்தில், தூய்மை குறித்த அறிவு வீடுதோறும் சென்றடைய வேண்டியிருந்தது. கிறீன் வெளிக்கொணர்ந்த ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்னும் தலைப்பு இவ்விடத்துக் கருதத்தக்கது. உடலமைப்பு, உடலியக்கம் ஆகியவற்றோடு உடல்நலம் பேணலும் (உற்பாலனம்) அதில் இணையாக நிற்கிறது. மருந்தால் வெல்ல முடியாத நோய்க்கு முன், பேணுதலைக் கற்பிக்கும் மொழியே மருத்துவக் கருவியாகிறது. அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோர் அம்மொழியை ஊர்களுக்குக் கொண்டுசெல்லத்தக்கவர்களாயினர்.

எனினும் இதன் எல்லைகளையும் சுட்டுதல் வேண்டும். வடசொற்கள் மிகுந்த அக்கலைச்சொற்கள் கற்றோர்க்கே எளிதில் விளங்கத்தக்கவை. கிறீனின் பணி சமயப் பரப்புதலோடு பிணைந்தது. அவரைப் பற்றிய சான்றுகளும் பெரும்பாலும் மிசன் ஆவணங்கள், கடிதங்கள் வழியே கிடைப்பவை. நோயுற்றோரின் குரலும், அவர்கள் முதலில் நாடிய நாட்டு வைத்தியரின் குரலும் அவற்றில் அருகியே ஒலிக்கின்றன.

முடிவுரை

தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழ் மருத்துவ நூலாக்கத்தைக் கைவிடவில்லை. ஆயினும் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் தொடரவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள்மொழி மருத்துவத்தின் உள்ளுறுப்பு என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. அவரைத் தனிமனிதச் சாதனையாளராக மட்டும் போற்றாமல், நாட்டு வைத்தியச் சுவடிகளோடும் ஊர் வழக்காறுகளோடும் ஒப்பிட்டு ஆராய்வது அடுத்த கட்டப் பணியாகும்.