ஒரே பதில், இரு மதிப்பெண்

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் நான்கு ஆங்கில எழுத்துகளால் நம்மை வகைப்படுத்தும் தேர்வு ஒன்று உண்டு: மையர்ஸ்-பிரிக்ஸ். சக ஊழியர் சிந்திக்கும் முறையை அறிந்தால் அவரோடு பேசுவது எளிதாகும் என்பார்கள். அதை உருவாக்கியவர்கள் உளவியல் பட்டம் பெறாத இரு அமெரிக்கப் பெண்கள், தாயும் மகளும்.

தாய் காதரின் குக் பிரிக்ஸ் (1875–1968). மகள் இசபெல் மணக்கவிருந்த கிளாரன்ஸ் மையர்ஸ், இவர்கள் குடும்பத்தாரைப் போல யோசிப்பவர் அல்ல. அதைக் குறையாக ஒதுக்காமல், மனிதர்கள் ஏன் வெவ்வேறு விதமாக யோசிக்கிறார்கள் என்று ஆராய முற்பட்டார் காதரின். 1923இல் கார்ல் யுங்கின் ‘உளவியல் வகைகள்’ ஆங்கிலத்தில் வந்தபோது, தான் தேடியது அதில் இருப்பதைக் கண்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைகளுக்குள் பெண்கள் வந்தனர். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டறிய உதவ நினைத்த இசபெல் (1897–1980), வீட்டிலிருந்தே கேள்விகளை எழுதினார். புள்ளியியலை ஒரு வங்கியின் பணியாளர் பிரிவு மேலாளரிடம் கற்றார். 1962இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் அத்தேர்வை ஆய்வுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது.

தேர்வில் நான்கு அளவைகள். அவற்றுள் ஒன்று, முடிவெடுக்கும்போது நாம் சாய்வது ‘சிந்தனை’ பக்கமா, ‘உணர்வு’ பக்கமா என்று கேட்பது. இந்த அளவைக்கு மட்டும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மதிப்பெண் முறை இருந்தது. காரணம், உணர்வு சார்ந்த பதிலைச் சொல்லும்படி பெண்களைச் சமூகம் பழக்குகிறது என்பதை இசபெல் அறிந்திருந்தார். அந்தப் பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க முயன்றார்.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. மனவகை பிறவியிலேயே அமைவது என்று நம்பியவரும் அவரே. வளர்ப்பைக் கழித்த பிறகே இயல்பு தெரியும் என்றால், எவ்வளவு கழிப்பது, யார் தீர்மானிப்பது? 1998இல் வந்த புதிய வடிவத்தில் இந்தத் தனி முறை கைவிடப்பட்டது. கேள்வி மட்டும் மிஞ்சியது.

ஆளெடுப்புக்கு இத்தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் வெளியீட்டாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் முத்திரை எளிதில் ஒட்டிக்கொள்ளும். ‘அவர் உணர்வு வகை’ என்ற ஒரு சொல் போதும். பட்ஜெட் வேறொருவர் மேசைக்குப் போகும், சண்டையைச் சமாதானப்படுத்தும் வேலை நம்மிடம் வரும்.

காதரினிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய தொடக்கத்தை: வேறாக யோசிப்பது குறை அல்ல. ‘நீ எந்த வகை?’ என்பதைவிட, ‘இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?’ என்று கேட்பதே நல்லது. அந்தக் கேள்விக்கு வரும் பதிலை நான்கு எழுத்துகளில் அடக்க முடியாது.